மதிலுக்கு வெளியேயும் வீட்டைப் பாருங்கள்

கடை எடுக்கப் போகும் எமது வியாபாரிகளைக் கவனித்திருப்பீர்கள். புறக்கோட்டையில் பத்துக்குப் பத்து அறையொன்றை வாடகைக்கு எடுப்பதாக இருந்தாலும் மூன்று நாட்கள் அந்த வாசலில் நின்று பார்ப்பார்கள். காலையில் எவ்வளவு சனம் போகிறது, லொறியை எங்கே நிறுத்தலாம், பக்கத்துக் கடைக்காரர் எப்படிப்பட்டவர், முன்னர் இருந்தவர் ஏன் விட்டுப் போனார் என்றெல்லாம் விசாரிப்பார்கள். அதே வியாபாரி, வாழ்நாளில் சேர்த்த முதலைத் திரட்டி வீடொன்று வாங்கப் போகும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குடும்பத்தோடு போய், டைல்ஸைப் பார்த்து, குசினியைப் பார்த்து, மேல்மாடிக் காற்றை அனுபவித்துவிட்டுத் திரும்பும்போதே முற்பணம் பேசிவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த துணி மொத்த வியாபாரி ஒருவர் 2016 பெப்ரவரியில் வெல்லம்பிட்டியவில் இப்படித்தான் வீடு வாங்கினார். புறக்கோட்டைக்குக் கிட்ட, பள்ளிவாசலும் பக்கத்தில், பேர்ச்சுக்கு இரண்டு இலட்சம் ரூபா குறைவு. ஏன் குறைவு என்று அவர் கேட்கவில்லை. மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிய பகுதிகளை மூழ்கடித்தபோது காரணம் தெரிய வந்தது. ரமழான் வியாபாரத்துக்காகக் கீழ்மாடியில் அடுக்கி வைத்திருந்த துணி முழுவதும் தண்ணீரில். நோன்பு தொடங்க மூன்று வாரங்கள்தான் இருந்தன. பேர்ச்சுக்கு இரண்டு இலட்சத்தை மீதப்படுத்தியவர், அந்த மீதத்தைவிட அதிகமான சரக்கை ஒரே இரவில் இழந்தார்.

மனிதனுக்கு நற்பாக்கியம் தரும் நான்கு விடயங்களில் விசாலமான வீட்டையும் நல்ல அயலவரையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்துக் கூறியதாக இப்னு ஹிப்பானில் பதிவாகியுள்ளது. வீடும் அயலும் ஒரே பட்டியலில் வருவதை நாம் வாசிக்கிறோம். ஆனால் விலை பேசும்போது அயலை மறந்துவிடுகிறோம். உண்மையில் கொழும்புப் புறநகர் வீடொன்றின் விலையில் பெரும்பகுதி மதிலுக்கு வெளியே இருக்கிறது. கட்டடம் வருடா வருடம் பழுதடைந்து பெறுமதி குறையும் பொருள். ஏறுவது காணியின் விலை. காணி விலையை ஏற்றுவதும் இறக்குவதும் பாதை, பாடசாலை, பள்ளிவாசல், வடிகான், பக்கத்து வீட்டார் ஆகியவையே. ஆகவே கடைக்குச் செய்யும் கணக்கை வீட்டுக்கும் செய்து பார்ப்போம்.

உதாரணமாக இரண்டு வீடுகள். இரண்டும் 10 பேர்ச். ஒன்று தெஹிவளை, களுபோவில போன்ற நெருங்கிய இடத்தில். மற்றது இன்னும் பல மைல் உள்ளே, பேர்ச்சுக்கு மூன்று இலட்சம் குறைவு. வித்தியாசம் 30 இலட்சம். உள்ளே போனால் மூன்று பிள்ளைகளுக்குப் பாடசாலை வேன், ஆளுக்கு 12,000 வீதம் மாதம் 36,000. கடைக்குப் போய்வர மேலதிக எரிபொருள் 20,000. ஆக மாதம் 56,000, வருடத்துக்கு 6,72,000. மீதப்படுத்திய 30 இலட்சத்தை வியாபாரத்தில் போட்டு வருடம் 15 வீத இலாபம் எடுப்பவராக இருந்தால் அது 4,50,000. அதாவது மலிவான வீடு வருடத்துக்கு 2,22,000 ரூபா நட்டம்.

ஆனால் அதே கணக்கை, பாடசாலை போகும் பிள்ளை ஒன்று மட்டுமே உள்ளவருக்குப் போடுங்கள். மாதம் 32,000, வருடம் 3,84,000. இப்போது தூரத்து வீடுதான் இலாபம். பிள்ளைகள் வளர்ந்து மணமுடித்துப் போனவருக்கு இன்னும் இலாபம். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் நல்ல இடம் என்று ஒன்றில்லை. உங்கள் வீட்டுத் தொகைகளைப் போட்டு நீங்களே கணக்குப் பார்க்க வேண்டும். மச்சான் வாங்கினார், நானும் வாங்கினேன் என்று போகும் விடயமல்ல இது. வீதி நெரிசலில் போகும் நேரத்துக்கு மேலே விலை போடவில்லை. கடையை ஒரு மணித்தியாலம் பிந்தித் திறந்தால் எவ்வளவு போகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பாடசாலை விடயத்தில் எமது மக்கள் அதிகம் ஏமாறுவது முதலாம் தர அனுமதியில். அரச பாடசாலைகளின் முதலாம் தர இடங்களில் ஏறத்தாழ பாதி, பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்குப் புள்ளிகள் உண்டு. வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் தொடர்ந்து இருந்த வருடங்கள், வீட்டு உறுதி யாருடைய பெயரில் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பன பார்க்கப்படும். உங்கள் வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும். பிள்ளைக்கு நாலரை வயதாகும்போது பாடசாலை வாசலில் வீடு வாங்கிப் பெரிய பயனில்லை. பிள்ளை பிறக்கும்போதே அங்கு குடியிருந்து, வருடா வருடம் கிராம உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்து வந்தவருக்குத்தான் முழுப் புள்ளி. வீட்டைத் தாயின் பெயரிலோ மாமனாரின் பெயரிலோ எழுதி வைத்துவிட்டு நேர்முகப் பரீட்சையில் தடுமாறியவர்களும் உண்டு. விதிகள் வருடத்துக்கு வருடம் சிறிது மாறும். அந்த வருடச் சுற்றறிக்கையை வாங்கி வாசித்துவிட்டே இந்தக் காரணத்துக்காக வீட்டுக்கு மேலதிக விலை கொடுங்கள். தரகர் "ஸ்கூலுக்கு நடந்து போகலாம்" என்று சொல்வது உண்மையாக இருக்கலாம், நடந்து போனாலும் அனுமதி கிடைக்க வேண்டுமே!

பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று எல்லோரும் பார்க்கிறோம். அந்த வீடு எந்த மஹல்லாவுக்குரியது என்பதைப் பார்ப்பது குறைவு. புறநகரில் இரண்டு மஹல்லாக்களின் எல்லையில் விழும் வீடுகள் இருக்கின்றன. சந்தா எங்கே கட்டுவது, நிகாஹ் கடிதம் எங்கே எடுப்பது, ஜனாஸா எந்த மையவாடிக்கு என்பதெல்லாம் பின்னர் கேள்வியாகும். வாங்க முன்னர் நம்பிக்கையாளர் சபையில் ஒருவரோடு பேசினால் பத்து நிமிட வேலை. குர்ஆன் மத்ரஸா பின்னேரம் எத்தனை மணிக்கு, பிள்ளைகள் பெரிய வீதியைக் கடக்க வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் விடயத்துக்கு வருவோம். கொழும்பைச் சுற்றிய தாழ்நிலங்கள் மழை நீரைத் தாங்கி வைக்க அல்லாஹ் தந்த பாத்திரங்கள். அவற்றை மண்போட்டு நிரப்பி வீடு கட்டியதன் விளைவைத்தான் இப்போது அனுபவிக்கிறோம். களனி கங்கைக் கரையில் மட்டும் இந்தப் பிரச்சினை இருப்பதாக நினைக்க வேண்டாம். மேட்டு நிலம் என்று பெயர் பெற்ற தெஹிவளைப் பக்கத்திலும் அத்திடிய, பெல்லன்வில பகுதிகள் சதுப்பு நிலத்தை ஒட்டியவை. அந்தச் சதுப்பு 1990 இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஒரே ஊரின் பெயரில், ஒரே பஸ் பாதையில், அரை மைல் வித்தியாசத்தில் ஒரு வீடு காய்ந்திருக்கும், மற்றது மிதக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. மழை விட்ட மறுநாள் காலை போய்ப் பாருங்கள். சந்தியிலுள்ள தேநீர்க் கடைக்காரரிடமும் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்திலும் 2016 இல் தண்ணீர் எதுவரை வந்தது, 2025 நவம்பரில் தித்வா சூறாவளியின்போது எதுவரை வந்தது என்று கேளுங்கள். கையால் சுவரில் உயரத்தைக் காட்டுவார்கள். கீழ்மாடியில் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், மின்சாரப் பிளக்குகள் தோள் உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். காணி நிரப்பப்பட்ட தாழ்நிலமா, நிரப்புவதற்குக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி இருந்ததா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழாய் நீருக்கும் இது போலவே. குழாய் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், காலை ஆறு மணிக்கு மேல்மாடித் தாங்கிக்கு நீர் ஏறுகிறதா என்று பாருங்கள்.

குப்பையும் கவனத்துக்குரியது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே அந்தச் சுற்றுவட்டாரத்தில் துர்நாற்றமும் இருந்தது, மக்களின் எதிர்ப்பும் இருந்தது. விலை குறைந்த காணிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று காற்றடிக்கும் திசையில் கொஞ்சம் நடந்து பார்ப்பது நல்லது.

வைத்தியசாலை, சந்தை, பாமசி, பஸ் பற்றி நீங்களே அறிவீர்கள். காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களும் கரையோர ரயிலும் இருப்பதனால்தான் தெஹிவளைப் பக்கத்தின் விலை இறங்குவதில்லை. களுபோவில போதனா வைத்தியசாலை பக்கத்தில் இருப்பது வயதான பெற்றோர் உள்ள வீட்டுக்குப் பெரும் வசதி. ஆனால் அதன் வாசலுக்கு மிக நெருங்கினால் வாகன நெரிசலும் கூடவே வரும். கல்யாண மண்டபம், கராஜ், தும்புத் தொழிற்சாலை போன்றவை சில நேரங்களில் அமைதியாக இருக்கும்; வேறு நேரங்களிலும் போய்ப் பார்க்க வேண்டும்.

எமது வியாபாரிகளுக்கு விசேடமாக ஒன்று. அனேகர் சரக்கில் ஒரு பகுதியை வீட்டில் வைப்பார்கள். அப்படியானால் பாதை முக்கியம். 10 அடிப் பாதையில் சின்ன லொறி நுழைந்தாலும் திரும்பாது. பாதை பொதுப் பாதையா, உறுதியில் பாதை உரிமை எழுதப்பட்டுள்ளதா, அல்லது அடுத்த காணிக்காரரின் தயவில் போய்வருகிறார்களா? இந்தக் கேள்விக்கு நில அளவைப் படமும் உறுதியும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அதிகாலையில் லொறி சத்தம் போட்டால் அயலவரின் தூக்கம் கெடும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். நல்ல அயலவரைத் தேடுபவர் தாமும் நல்ல அயலவராக இருக்க வேண்டியவர் அல்லவா?

பாதையோடு சேர்ந்த இன்னொன்று வீதிக்கோடு. உள்ளூராட்சி சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழும், காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் எடுக்கலாம். பாதையை அகலிக்க எதிர்காலத்தில் எவ்வளவு போகும் என்று அதில் தெரியும். முகப்பு 40 அடியுள்ள காணியில் 5 அடி போனால் 200 சதுர அடி. ஒரு பேர்ச் 272 சதுர அடியும் சிறிதும். ஆக ஏறத்தாழ முக்கால் பேர்ச் கணக்கில் இருந்தும் கையில் இல்லை. பேர்ச் 15 இலட்சமானால் 11 இலட்சம் ரூபா. முழு 10 பேர்ச்சுக்கும் விலை கொடுத்துவிட்டு அந்தத் துண்டில் மதில் கட்டப் போகும்போது சபை நிறுத்தும். சான்றிதழை விலை பேச முன்னர் எடுங்கள். உறுதி எழுத முந்திய நாள் எடுத்துப் பயனில்லை. கட்டடத்துக்கு அங்கீகரித்த வரைபடமும் இணக்கச் சான்றிதழும் இருக்கின்றனவா என்பதையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

அயலவர் பற்றிச் சொல்லும்போது மார்க்கத்தில் ஷுஃப்ஆ என்ற முன்கொள்வனவு உரிமை நினைவுக்கு வருகிறது. ஸஹீஹுல் புகாரியில் ஒரு சம்பவம் இருக்கிறது. அபூ ராஃபிஃ (ரழி) தமது அறைகளை அயலவரான ஸஅத் (ரழி) அவர்களுக்கு விற்க முன்வந்தார். ஸஅத் நாலாயிரத்துக்கு மேல் தர மாட்டேன், அதையும் தவணையில்தான் தருவேன் என்றார். வெளியாள் ஐந்நூறு தீனார் தர இருந்தும், அயலவருக்கே உரிமை அதிகம் என்ற நபிமொழியைக் கேட்டிருந்ததால் அபூ ராஃபிஃ அந்த விலைக்கே கொடுத்துவிட்டார். ஹனஃபி மத்ஹபில் பக்கத்து வீட்டாருக்கும் இவ்வுரிமை உண்டு. நாம் பெரும்பான்மையாகப் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கே அது உரியது. எமது நாட்டில் வாப்பாவின் காணி பல பிள்ளைகளுக்குப் பிரிக்கப்படாமல் கிடப்பது சாதாரணம். அப்படியான பங்கொன்று மலிவாக வந்தால் முதலில் மற்றப் பங்காளிகளிடம் போங்கள். அவர்களுக்கு விருப்பமில்லாமல் வாங்கினால் மார்க்கப் பிரச்சினை ஒரு பக்கம், 1977 ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் நீண்ட வழக்கு மறுபக்கம்.

உறுதி விடயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எழுதியதோடு வேலை முடிவதில்லை. ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றால், மோசடி இல்லாத பட்சத்தில், காணிப் பதிவகத்தில் முந்திப் பதிந்த உறுதிக்கே முன்னுரிமை. பின்னர் எழுதியவர் முந்திப் பதிந்தால் முதலாமவர் கையில் இருப்பது காகிதம். உறுதியை உடனே பதிவுக்குப் போடுமாறு நொத்தாரிஸிடம் கேட்டு, பதிந்த இலக்கத்தை வாங்கி வையுங்கள். முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 3,99,000. இதை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் எம்மவரிடம் இருக்கிறது. மாகாண இறைவரித் திணைக்களம் சந்தை விலையை மதிப்பிட்டுக் குறையைக் கேட்கலாம். தவிர, 2018 ஏப்ரலில் மீண்டும் வந்த மூலதன ஆதாய வரியில், நீங்கள் பின்னொரு நாள் விற்கும்போது உங்கள் ஆதாயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக அது பொய்.

இனி பணம். வீடு வாங்கக் கடை முதலை எடுக்கும்போது எவ்வளவு எடுக்கலாம்? ரொக்கத்துக்கு வாங்கும்போது கிடைக்கும் கழிவை இழக்காத அளவு என்பது எனது கருத்து. அதற்கு மேல் எடுத்தால் கடனுக்குச் சரக்கு எடுக்க நேரும், காசோலைகள் நெருக்கும். 2022 இல் டொலர் சில மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது வீட்டில் முதலை முடக்கியிருந்த இறக்குமதியாளர்கள் பட்ட பாடு தெரிந்ததே. அப்போது வீட்டை விற்றவர்களில், பாதையும் பாடசாலையும் உள்ள இடத்தில் இருந்தவருக்கு வாங்க ஆள் இருந்தது. உள்ளே மாளிகை கட்டியவருக்கு விலை கேட்கவும் ஆள் வரவில்லை.

வட்டிக்கு ஈடு வைக்காமல் வாங்க வழியுண்டு. 2005 வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர் இஸ்லாமிய வங்கி முறை எமது நாட்டில் சட்டபூர்வமாக நடக்கிறது. குறைந்து செல்லும் முஷாரகா என்ற முறையில் ஒரு கோடி ரூபா வீட்டுக்கு நீங்கள் 40 இலட்சம், வங்கி 60 இலட்சம் போட்டுப் பங்காளிகளாக வாங்குவீர்கள். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கி வருவீர்கள். பங்கு குறையக் குறைய வாடகையும் குறைய வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதா, வாடகை எதன்படி மாற்றப்படும், வெள்ளத்தில் கட்டடம் சேதமானால் பங்காளியான வங்கியின் பொறுப்பு என்ன என்று கேட்டு, தெளிவில்லாவிட்டால் ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். ஸகாத்தைப் பொறுத்தவரை குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. வாடகைக்குக் கொடுத்த வீட்டில் கையில் சேரும் வாடகைப் பணத்துக்கு உண்டு. இலாபத்துக்கு விற்கும் நோக்கத்தோடு வாங்கிப் போட்ட வீடும் காணியும் வியாபாரப் பொருள். வருடா வருடம் அன்றைய சந்தை விலையில் இரண்டரை வீதம். இதைப் பலர் மறந்திருக்கிறார்கள்.

மேலே சொன்ன துணி வியாபாரி அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறார். 2016 க்குப் பின் சரக்கை மேல்மாடிக்கு மாற்றிவிட்டதால் 2025 நவம்பர் வெள்ளத்தில் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இப்போது விற்க நினைக்கிறார். குறையை மறைத்து விற்பது கூடாது என்பதால் வீடு பார்க்க வருவோரை முதலில் கீழ்மாடிச் சுவருக்கு அழைத்துப் போய், இரண்டு வெள்ளத்தின் உயரத்தையும் பென்சிலால் குறித்து வைத்திருப்பதைக் காட்டுகிறார். கடந்த மாதம் வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பேர்ச்சுக்கு மூன்று இலட்சம் குறைத்துக் கேட்டிருக்கிறார். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.